நூலுள் படம் புகும் நெறி

பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்திலே நூலுக்குக் குற்றம் 10 என்றும், அழகு 10 என்றும், உத்தி 32 என்றும் வகுத்துரைத்தார். அவற்றுள் படத்தைப் பற்றிய விதி ஒன்றேனும் இல்லை. எழுத்தாணியால் ஓலையிற் கீறி எழுதிய காலத்திலே நூலுக்குச் சொல்லே உறுப்பாயிருந்தது. ஆதலின் அத்தகைய விதிக்கு அன்று தேவை எழவில்லை. ஆயினும், அழகுகளுள் ‘விளங்க வைத்தல்’, ‘முறையின் வைப்பு’ என்னும் இரண்டையும், உத்திகளுள் ‘மாட்டெறிதல்’, ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என்னும் மூன்றையும் எடுத்துக்கொண்டால், இன்றைய நூலிலே படம் அமைத்தற்குரிய இலக்கணத்தின் பெரும்பகுதி அவற்றினின்றே பெறப்படும் என்பது நமது துணிபு. அத்துணிபை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சி அன்று. அச்சுக்கோக்கும் தொழில் அச்சுக்கூடத்தின் சுவர்களைக் கடந்து வெளியே வந்துவிட்டது. தவணைப் பரீட்சை வினாத்தாளை இன்று ஆசிரியரே கணினியிற் கோக்கிறார். பல்கலைக்கழக மாணவர் தம் ஆய்வேட்டின் பக்கங்களைத் தாமே வகுக்கிறார். பாடசாலைச் சிறப்பு மலர், சங்கத்து ஆண்டு மலர், ஊர் வரலாறு என மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களிலே வெளிவரும் ஏடுகள் பல. இவற்றில் எழுத்துப் பிழையைப் பார்த்துத் திருத்துவார் எவரேனும் ஒருவர் இருப்பர். படப் பிழையைப் பார்ப்பாரைக் காண்பது அரிது.

அப்பிழையால் விளையும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கணித வினாத்தாள் ஒன்றிலே, ‘கீழேயுள்ள படத்திற் குறித்த கோணத்தைக் காண்க’ என்று ஒரு வினா. தாளைக் கோத்த பின்னர் யாரோ மேலே இரண்டு வரி சேர்த்துவிட்டனர். படம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. அவ்வினாவின் கீழே, அடுத்த வினாவுக்குரிய முக்கோணம் வந்து நின்றது. ‘கீழேயுள்ள படம்’ என்று வினா சொல்ல, கீழேயுள்ள படத்தைப் பார்த்தே பிள்ளைகள் விடை எழுதினர். கணக்கை அறிந்த பிள்ளையும் புள்ளி இழந்தது. எந்தப் பாடசாலை என்பது இங்கு வேண்டுவதில்லை. ஆசிரியராயினார் பலரும் இதனை ஒத்த ஒன்றைக் கண்டிருப்பர். படத்தின் இடத்தை நம்பி வாக்கியம் எழுதியதே இங்கு நேர்ந்த தவறு. இடம் மாறும், பெயரும் எண்ணும் மாறா. இதனை முன்னே மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கட்டையும் தகடும்

அச்சிட்ட எழுத்தோடு படம் ஒருங்கே அமர்வது தொடக்கத்திலிருந்தே எளிதாயிருந்ததில்லை. ஈய எழுத்து மேடானது. மேட்டிலே மை பூசித் தாளை அழுத்தினால் எழுத்துப் பதியும். செப்புத் தகட்டிற் கீறிய ஓவியமோ பள்ளமானது; கீறலின் உள்ளே மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, உருளையால் வலிந்து அழுத்தினால்தான் அது தாளில் ஏறும். மேடும் பள்ளமும் ஒரே அழுத்தத்திற்கு இணங்கா. ஆகையால் செப்புத் தகட்டுப் படங்கள் வேறு தாளிலே, வேறு பொறியிலே அச்சாகி, நூல் கட்டும்போது இடையிலே செருகப்பட்டன. பழைய ஆங்கில நூல்களிலே சொல் ஓரிடத்தும் அதற்குரிய படம் பல பக்கங்களுக்கு அப்பாலும் கிடப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மரக்கட்டை இதனினும் வேறானது. கோட்டை மேடாக விட்டு ஏனையவற்றைச் செதுக்கி நீக்கினால், அக்கட்டை எழுத்தோடு எழுத்தாய் ஒரே சட்டத்துள் நிற்கும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் வாழ்ந்த தாமஸ் பியூவிக் (1753–1828) என்னும் செதுக்குக் கலைஞர், கடினமான மரத்தின் குறுக்குவெட்டு முகத்திலே உலோகம் செதுக்கும் கூரிய உளியால் நுண்கோடுகளை அமைக்கும் முறையைச் செம்மை செய்தார். நாற்கால் விலங்குகளைப் பற்றி 1790இல் வெளிவந்த அவரது நூலிலே விலங்கின் உருவமும் அதன் வருணனையும் ஒரே பக்கத்திலே கூடி நின்றன. அங்ஙனம் கூடுதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கட்டையின் உயரம் எழுத்தின் உயரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். ஆங்கில அமெரிக்க அச்சுக்கூடங்களில் அவ்வுயரம் 0.918 அங்குலம். கட்டை சற்று உயர்ந்தால் தாள் கிழியும். சற்றுத் தாழ்ந்தால் மை பற்றாது. படம் நூலுக்குள் நுழைய வேண்டுமாயின் எழுத்தின் அளவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தல் வேண்டும் என்பதே அன்றைய விதி. இவ்விதி இன்றும் மாறவில்லை என்பதைப் பின்னர் உரைத்தும்.

1858இல் இலண்டனிலே ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல் வெளிவந்தது. அதிலுள்ள 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்னும் மருத்துவர். எலும்பு, நரம்பு, தசை ஆகியவற்றின் பெயர்களை அவ்வவ்வுறுப்பின் மீதே அவர் எழுதிக் காட்டினார். உறுப்புக்கு ஓர் எழுத்தை இட்டு, அவ்வெழுத்தின் பொருளைப் பக்கத்தின் அடியில் தேட வைக்கும் வழக்கத்தினின்று விலகி, கண் சென்ற இடத்திலேயே பெயரும் கிடைக்கச் செய்தார். பவணந்தியார் கூறிய ‘விளங்க வைத்தல்’ இதுவன்றோ!

நம் நாட்டிலே, 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே மருத்துவக் கல்வியைத் தமிழிற் புகட்டிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கிரேயின் நூலைத் தழுவி ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூலை 1872இல் வெளியிட்டார். அங்கத்தைக் காட்டாது அங்காதிபாதம் கற்பித்தல் அரிது. ஆனால் மரத்திலே செதுக்கிய பெயர் கல்மேல் எழுத்துப் போன்றது. ஆங்கிலப் பெயர் பொறித்த கட்டையிலே தமிழ்ப் பெயர் வேண்டுமாயின் கட்டையையே புதிதாகச் செதுக்கல் வேண்டும். சொற்றொடரைத் தமிழாக்குவோர் எவரும் படத்தின் வாயிலிலே வந்து நின்றுவிடுகிறார்கள். அங்ஙனம் நின்ற தமிழுக்கு வழி திறந்த கதையை இனிக் காண்போம்.

வெற்றுப் பெட்டி

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்ட் நூத் என்பார், கணினி நிரலாக்கக் கலை பற்றிப் பல பாகங்களாக ஒரு நூல் எழுதி வருபவர். அதன் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்குரிய அச்சுப்படிகள் 1977இல் அவர் கைக்கு வந்தன. முதற் பதிப்பு ஈய எழுத்தில் அச்சானது. புதியது ஒளிப்பட முறையிற் கோத்தது. புதியதன் அழகின்மை அவருக்குப் பொறுக்கவில்லை. நூலின் தோற்றத்தைத் தாமே ஆளும் பொருட்டு ஓர் அச்சுக்கோப்பு முறையை ஆக்கத் தொடங்கினார். அதுவே ‘டெக்’. கலை, தொழிற்றிறன் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. அதன் ஈற்றெழுத்துக்குரிய ஒலி, தொண்டையினின்று உரசி எழுவது. அரபெழுத்துப் பயின்ற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வொலி எளிதில் வரும். தமிழிலே டெக் என எழுதி அமைவோம்.

டெக் முறையிலே ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. அதற்கு உயரம், தாழ்வு, அகலம் என அளவு மூன்று. பெட்டிகள் கூடிச் சொல்லாகும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நீளவும் சுருங்கவும் வல்ல ‘பசை’ ஒன்று நிற்கும். பசையை நீட்டியும் சுருக்கியும் வரி நேராகும். வரிகள் அடுக்கிப் பக்கமாகும். எழுத்தின் வடிவத்தை டெக் அறியாது. அதன் அளவை மட்டுமே அறியும்.

இதனால் படத்துக்கு வழி பிறந்தது. எழுத்தின் வடிவத்தையே பாராத ஒன்றுக்குப் படத்தின் வடிவம் எதற்கு? படமும் ஒரு பெட்டியே. சற்றுப் பெரிய பெட்டி. அதன் உயரமும் அகலமும் தெரிந்தால் டெக் அத்துணை இடத்தை வெறுமையாக விட்டு, ‘இவ்விடத்தில் இன்ன படத்தை வைக்க’ என்று ஒரு குறிப்பு எழுதிச் செல்லும். அக்குறிப்பைப் படித்து வெற்றுப் பெட்டியை நிரப்புவது பின்னர் வரும் வேறொரு செயலியின் பணி. இன்றைய வடிவங்களில் இவ்விரு பணிகளும் ஒரே ஓட்டத்தில் முடியலாம். எனினும் அடிப்படை அதுவே. மரக்கட்டை எழுத்தின் உயரத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தது என்றோம். இங்கும் படம் எழுத்தைப் போலவே பெட்டியாகித்தான் நூலுக்குள் நுழைகிறது.

டெக்கை எளிதிற் கையாளும் பொருட்டு 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பார் அதன்மேல் அமைத்த கட்டளைத் தொகுதி ‘லாடெக்’ எனப்படும். லாடெக்கிற் படம் சேர்ப்பதற்கென ஒரு பொதி உண்டு. அதிலே ‘இன்க்ளூட்கிராபிக்ஸ்’ என்பது கட்டளை. ‘படத்தை உட்சேர்’ என்பது பொருள். கட்டளையை எழுதி, சதுர அடைப்புக்குள் அகலத்தையும் நெளிந்த அடைப்புக்குள் படக் கோப்பின் பெயரையும் தந்தாற் போதும். படத்தை எவரும் பக்கத்திலே ஒட்டுவதில்லை. பெயர் சொல்லி அழைக்கிறார்கள். படம் தன் கோப்பிலே தனித்து இருக்கும். அதில் ஒரு கோட்டைத் திருத்தி மீண்டும் ஓட்டினால், அப்படம் அழைக்கப்பட்ட இடமெல்லாம் திருந்திவிடும். இம்முறைக்கு வேண்டிய செயலிகள் அனைத்தையும் ‘டெக் லைவ்’ என்னும் தொகுப்பாக விலையின்றிப் பெறலாம் என்பது நம் போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்குப் பேருதவி.

பெயர் சொல்லி அழைப்பதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத்துக் கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பிப் படக் கோப்பை அனுப்ப மறந்தால், ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று முறை நின்றுவிடும். முன்வரைவு நிலையில் ஓட்டினாலோ, படம் நிற்க வேண்டிய இடத்திலே ஒரு வெறுஞ் சட்டமும் அதனுள்ளே கோப்பின் பெயருமே தோன்றும்.

மிதக்கும் படம்

பெட்டி பெரிதாயிருப்பின் ஓர் இடர் எழும். பக்கத்தில் எஞ்சிய இடம் மூன்று விரற்கிடை. படமோ ஒரு சாண். அவ்விடத்திலேயே வை என்றால் படம் அடுத்த பக்கத்துக்குப் போகும். விட்ட பக்கத்தின் அடி வெறுமையாய் இளிக்கும். இதனை நீக்க லாடெக் ஒரு வழி செய்தது. படத்தை ‘மிதவை’ ஆக்கிவிட்டால், அது வாக்கிய வெள்ளத்தின்மேல் மிதந்து சென்று பொருத்தமான கரையிலே தங்கும். வாக்கியம் தடைப்படாது ஓடும்.

மிதவைக்கு நான்கு துறைகள் உண்டு: எழுதிய அவ்விடம், பக்கத்தின் தலை, பக்கத்தின் அடி, படங்களுக்கென்றே அமைந்த தனிப் பக்கம். இந்நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை எழுதி நம் விருப்பத்தை அறிவிக்கலாம். இறுதி முடிவு முறையினுடையது. அதற்கும் சட்டம் உண்டு. இயல்பாக வகுத்த அளவுகளின்படி, ஒரு பக்கத்தின் தலையில் நிற்கும் மிதவைகள் இரண்டுக்கு மேற்படா, அடியில் ஒன்றுக்கு மேற்படாது, மொத்தம் மூன்றே. தலைப்பகுதி பக்கத்தில் நூற்றுக்கு 70 பங்கையும், அடிப்பகுதி 30 பங்கையும் மீறலாகாது. எழுத்துள்ள பக்கத்திலே எழுத்துக்கு நூற்றுக்கு 20 பங்காவது விடல் வேண்டும். தனிப் பக்கமாயின் பாதியேனும் படத்தால் நிரம்பியிருத்தல் வேண்டும். எழுத்து முற்றாக நசுங்காமலும் படம் தனித்து அலையாமலும் காக்கும் நடுவுநிலைச் சட்டம் இது.

இவற்றுள் வரிசைச் சட்டமே தலையாயது. முதற் படம் இடம் பெறாதவரை இரண்டாம் படம் அதனை முந்திச் செல்லாது. ‘முறையின் வைப்பு’ என்னும் அழகை இயந்திரம் இங்ஙனம் பேணுகிறது. ஆனால் இதனாலேயே ஆய்வேடு எழுதும் மாணவர் இடர்ப்படுவதும் உண்டு. முதலிலுள்ள ஒரு படம் மிகப் பெரிதாகி எங்கும் அடங்காது போனால், பின்னுள்ள படங்களெல்லாம் அதன் பின்னே வரிசையில் நின்று, அதிகாரத்தின் இறுதியிலே மொத்தமாக வந்து குவியும். அப்பொழுது மாணவர் முறையை நோவர். நோக வேண்டியது அடங்காத அம்முதற் படத்தையே. அதன் அகலத்தைச் சற்றுக் குறைத்தால், அல்லது அதற்குத் தனிப் பக்கத்தைத் திறந்துவிட்டால், தேங்கிய நீர் வடிவதுபோல் ஏனைய படங்கள் தத்தம் இடம் சேரும்.

குறியும் மாட்டும்

மிதக்கும் படத்தைக் ‘கீழேயுள்ள படம்’ என்று சுட்டலாமா? ஆகாது. அது மேலே நிற்கலாம், எதிர்ப்பக்கத்தில் நிற்கலாம். ஆதலால் ஒவ்வொரு படத்துக்கும் நூலாசிரியர் ஒரு குறிப்பெயர் இடுகிறார். வாக்கியத்திலே அக்குறிப்பெயரைக் கொண்டு படத்தை அழைக்கிறார். முறை தானே எண்ணி, ‘படம் 3’ என்று அச்சிடுகிறது. நாளை நடுவிலே புதிய படம் ஒன்றைச் சேர்த்தால் மூன்றாவது நான்காவதாகும். அதனைச் சுட்டிய வாக்கியங்களெல்லாம் தாமே ‘படம் 4’ என்று மாறும்.

ஓரிடத்திற் சொன்ன பொருளை வேறோரிடத்தோடு பொருத்திக் காட்டுவதை நம் முன்னோர் மாட்டெறிதல் என்றனர். இனிச் சொல்லப் போவதைச் சுட்டின் ‘உரைத்தும்’; முன்னே சொன்னதைச் சுட்டின் ‘உரைத்தாம்’. லாடெக் முறையின் குறிப்பெயரும் அழைப்பும் இவையே. முன்னோக்கிச் சுட்டுவதன் அருமையையும் அம்முறை அறியும். முதல் ஓட்டத்திலே இனி வரும் படத்தின் எண் அதற்குத் தெரியாது. ஆதலின் எண்ணிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வினாக்குறிகளை இட்டுச் செல்லும். கண்டறிந்த எண்களைத் துணைக் கோப்பொன்றிற் குறித்து வைக்கும். இரண்டாம் ஓட்டத்திலே அதனைப் படித்து எண்ணை நிரப்பும். ஒரு முறையே ஓட்டிவிட்டு வினாக்குறிகளோடு ஏட்டைக் கையளிப்பது, முன்னுரைத்த வாக்கைக் காவாது போவதை ஒக்கும்.

இங்கே ஒரு நுட்பம் அறியத்தக்கது. படத்துக்கு எண் வழங்குவது அதன் விளக்கவரிக்குரிய கட்டளை. ஆகவே குறிப்பெயரை விளக்கவரிக்குப் பின்னரே இடல் வேண்டும். முன்னர் இட்டால் அது படத்தின் எண்ணைப் பெறாது, நூற்பிரிவின் எண்ணைப் பற்றிக்கொள்ளும். பிறந்த பின்னரே பெயரிடுவது உலக வழக்கு, இதுவும் அவ்வழக்கே.

அளவும் நுண்மையும்

படங்கள் இருவகைப்படும். ஒளிப்படம் புள்ளிகளின் கூட்டம். கணித உருவும் தேசப்படமும் கோடுகளின் கூட்டம். புள்ளிப் படத்துக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் என்பது நல்ல அச்சுக்கு வழக்கமாகக் கொள்ளும் அளவு. நான்கு அங்குல அகலத்தில் அச்சிட 1,200 புள்ளிகள் வேண்டும். கைத்தொலைபேசிச் செய்தியாக வந்த படம் வழியிலே சுருக்கப்பட்டு 600 புள்ளிகளோடு வந்தால், அதே நான்கு அங்குலத்தில் அங்குலத்துக்கு 150 புள்ளிகளே விழும், முகம் மங்கும். சிறப்பு மலர்களிலே அதிபர், ஆசிரியர் முகங்கள் மூடுபனிக்குள் நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. கட்டளையிலே அகலத்தைப் பெருக்கலாம். இல்லாத புள்ளியைப் பெருக்க இயலாது.

கோட்டுப் படமோ எத்துணை பெருக்கினும் மங்காது. ஆதலால் முக்கோணத்தையும் வட்டத்தையும் தாளில் வரைந்து ஒளிப்படம் எடுத்து ஒட்டுவதினும், கோடாகவே வரைந்து சேர்ப்பது சிறப்பு. மேலும், அகலம் உயரம் இரண்டையும் நாமே விதித்தால் வட்டம் நீள்வட்டமாகத் திரியக் கூடும். ஒன்றை மட்டும் விதித்து மற்றதை முறையிடம் விடுக. ‘எழுத்துப் பரப்பின் அகலத்தில் பாதி’ என்றாற்போலப் பக்கத்தை ஒட்டியே அளவு சொல்லுதல் இன்னும் நன்று. தாளின் அளவு மாறினும் படம் தக்கவாறு மாறும்.

படத்துள் தமிழ்

தமிழில் அறிவியல் கற்போர்க்கு உயிரான இடம் இது. வேற்று மொழி நூலின் படத்தை எடுத்து, அதிலுள்ள பெயரை வெள்ளை மை பூசி மறைத்து, மேலே தமிழ்ப் பெயரை ஒட்டுவது நாம் நெடுநாள் பழகிய வழி. ரோணியோப் பொறியிலே வினாத்தாள் உருட்டிய காலத்தில், மெழுகுத் தாளில் எழுத்தூசியால் ஆசிரியரே இதயத்தின் குறுக்குவெட்டை வரைந்து தமிழிற் பெயர் எழுதினார். அப்படம் கோணலாயினும் அதன் மொழி தமிழாயிருந்தது. கணினி வந்த பின் படம் நேராயிற்று. ஆனால் பல தாள்களிலே அதன் மொழி மீண்டும் ஆங்கிலமாயிற்று. இன்னும் சில தாள்களிலே, ‘பாமினி’ எழுத்துருவிற் கோத்த பெயர் அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறக்கப்பட்டுப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் நிற்கிறது. நாளவையைக் காட்டும் அம்பு எங்கோ செல்ல, பெயரைப் படிக்க இயலாத பிள்ளை என் செய்யும்?

இதற்கும் வழி உண்டு. 2004இல் ஜொனதன் கியூ என்பார் வெளியிட்ட ‘ஸீடெக்’ என்னும் வடிவம், ஒருங்குகுறித் தமிழை நேரே ஏற்றுக் கோக்கிறது. ஜெர்மானியப் பேராசிரியர் டில் டான்டாவ் ஆக்கிய ‘டிக்ஸ்’ என்னும் பொதி, படத்தைச் சொல்லாலேயே வரைவிக்கிறது: ‘இப்புள்ளியிலிருந்து அப்புள்ளிக்குக் கோடு, இவ்விடத்தில் இப்பெயர்’ என்று எழுதினால் உருவம் பிறக்கும். இவ்விரண்டும் சேர்ந்தால், படத்தினுள் உள்ள ‘நாளம்’, ‘நாடி’ என்னும் பெயர்கள் பக்கத்திலுள்ள வாக்கியத்தின் அதே எழுத்தில் நிற்கும். தவறெனின் ஓரெழுத்தைத் திருத்தலாம். கார்ட்டரின் படத்திலே மரத்தில் இறுகிய பெயர் என்றோமே, அப்பூட்டு இங்கே திறக்கிறது.

சொல்லும் உருவும் ஒன்றாகும் இந்நிலை தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் வகுத்த சித்திரகவிகளுள் நாகபந்தமும் சக்கரமும் உண்டு. பின்னிய பாம்புகளின் உடலிலே செய்யுளின் எழுத்துகள் ஓடும். உடல்கள் சந்திக்கும் இடத்திலே நிற்கும் ஓரெழுத்து இரு வழியிலும் படிக்கப்படும். அங்கே எழுத்தின் இடம் பிறழ்ந்தால் செய்யுளே பிறழும். ஒவ்வோர் எழுத்துக்கும் இடம் சொல்லி வரைவிக்கும் முறையிலே நாகபந்தத்தை அமைத்துப் பார்ப்பது, தமிழ் மாணவர்க்கும் கணினி மாணவர்க்கும் ஒருங்கே நல்லதொரு பயிற்சியாகும்.

காரைதீவு தந்த பாடம்

இறுதியாக, படம் தொலைந்தால் நூலுக்கு நேர்வது யாது என்பதை நம் அயலூர்ப் பேரறிஞர் ஒருவரின் உழைப்பினின்று அறிவோம். கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். அவரது வாழ்நாள் உழைப்பின் கனியாகிய ‘யாழ் நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே அவர் மறைந்தார்.

பழந்தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்துவிட்டது. அதன் உருவை வரைந்து காட்டிய பழந்தமிழ் ஏடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. எனினும் ஆற்றுப்படை பாடிய புலவர்கள் அதனைச் சொல்லால் வரைந்திருந்தனர். பொருநராற்றுப்படையிலே பத்தலுக்கு மானின் குளம்புச் சுவடும், ஆணிக்கு நண்டின் கண்ணும், வறுவாய்க்கு எட்டாம் நாட் பிறையும், உயர்ந்த தண்டுக்குத் தலை நிமிர்த்த பாம்பும் உவமையாயின. உறுப்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, வடிவம் உண்டு, முறை உண்டு. அச்சொற்களை ஆராய்ந்தும் நரம்புகளின் இசையளவைக் கணக்கிட்டும் யாழின் உருவை விபுலாநந்தர் மீட்டார். ‘யாழுறுப்பியல்’ என்று ஓர் இயலே அந்நூலில் உண்டு.

இதனினின்று நாம் பெறும் பாடம் தெளிவானது. படம் ஒன்றையே நம்பிய பொருள் படத்தோடு அழியும். சொல்லின் காவலிலே வைத்த பொருள் படம் அழிந்த பின்னும் மீளும். அச்சுக்கோப்பு முறையும் இப்பொழுது இதனை உணர்ந்திருக்கிறது. படத்தை அழைக்கும் கட்டளையிலேயே, அப்படம் காட்டுவது யாது என்பதைச் சொல்லால் எழுதிச் சேர்ப்பதற்கு அண்மைக் காலத்தில் இடம் வகுத்துள்ளனர். கண்பார்வை இழந்தோர்க்கு ஏட்டைப் படித்துக் காட்டும் செயலி, படம் வந்த இடத்தில் அவ்வுரையை ஒலிக்கும் பொருட்டே அவ்வேற்பாடு. நண்டின் கண்ணையும் எட்டாம் நாட் பிறையையும் கொண்டு யாழை வருணித்த புலவர் செய்ததும் இதுவே.

ஆகவே, ஆசிரியர்களே, மாணவர்களே, மலர் தொகுக்கும் அன்பர்களே! நூலுள் படம் அமைக்கப் புகும்போது ஆறினை மறவாதிருப்போம். படத்துக்குக் குறிப்பெயர் இடுக. அதன் எண்ணாற் சுட்டுக. ‘மேலே’, ‘கீழே’ என்னும் சொற்களை நம்பற்க. எழுத்துப் பரப்புக்கு ஏற்ப அளவு தருக. படத்தினுள் நிற்கும் பெயர்களைத் தமிழிலேயே, எழுத்தாகவே எழுதுக. இறுதியாக, அப்படம் நாளை தொலைந்துபோயினும் அதனை மீண்டும் வரையத்தக்க நான்கு வரியேனும் அருகே எழுதி வைக்க. எந்தக் கணினியும் இல்லாத வினாத்தாளுக்கும் இவை ஆறும் பொருந்தும். பரீட்சை மண்டபத்திலே தனித்திருந்து தாளைப் புரட்டும் பிள்ளைக்கு அருகே நின்று விளக்க அப்பொழுது நாம் இருப்பதில்லை. நாம் இட்ட எண்ணும் பெயருமே நமக்காக நின்று வழிகாட்டும்.